இருபத்தேழாம் எண்

இருபத்தேழாம் எண் நோயாளிக்கு இடது சிறுநீரகம் இல்லை.

ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இருக்கிற ஒற்றைச் சிறுநீரகத்திலும் கட்டி வந்தவர்களுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியே. கட்டிக்குள் ஊசியை இறக்கி, அதை மட்டும் உறையவைத்துக் கொல்ல வேண்டும். இறக்கப்போவது அவள் பத்தொன்பது வருடமாக உருவாக்கிய இயந்திரக் கை. அது முதுகில் எந்த இடத்தில் நுழைந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஸ்கேன் படத்தில் கோடு போட்டுக் கொடுப்பதும் அவள்தான். கூட வேலை செய்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை ஊசியம்மா என்பார்கள்.

படத்தில் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். நோயாளி யாரென்று கோடு போடுபவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவளும் அவள்தான்.

ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். சிறுநீரகத்தை எடுத்த இடத்தில் நான்கு உலோகக் கிளிப்புகள், வெள்ளைப் புள்ளிகளாக. அதற்கு மேலே ஒரு விலா எலும்பு, எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அந்த எலும்பு முறிந்த அன்று சைக்கிளை மிதித்தவள் அவள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் தம்பி. அவனுக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் சொல்லிவிடாதே என்று அவள் கெஞ்சியதற்காக மூன்று நாள் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தான்.

எடுத்த சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுடைய வலது அடிவயிற்றில். கையை வைத்து அழுத்தினால் தட்டுப்படும். பதினாறு வருடமாக அது அவளுக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது.

கொடுத்தவனோடு பேசி ஏழு வருடம் ஆகிறது. அம்மா இறந்தபோது அவள் வேறொரு நாட்டில் இந்த இயந்திரக் கையை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். யார் யாருக்கோ ஊசி போடத் தெரிந்தவளுக்கு அம்மாவின் கையைப் பிடிக்க நேரமில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டான். அவளும் வந்த காலோடு திரும்பிவிட்டாள்.

நோயாளி யாரென்று தெரிந்துவிட்டதாகச் சொன்னால் அவள் விலக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த உதவியாளர் கோடு போடுவார். ஒரு நூல் பிசகினாலும் மிச்சமிருக்கும் ஒன்றும் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கோடு போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள். ஆறாவது கோடு கச்சிதமாக வந்தது. அதைச் சேமிக்கும் பொத்தானை அழுத்த முடியவில்லை.

போனை எடுத்தாள். தம்பியின் எண் மனப்பாடம். மாற்றியிருப்பானோ என்று பயந்தாள். மாற்றவில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“பாத்துட்டியாக்கா?” என்றான்.

மருத்துவர் நீட்டிய படிவத்தில் ஆராய்ச்சியை நடத்துபவர் என்று அவள் பெயரைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டானாம். வேறு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து செய்கிறோம் என்றார்களாம், வேண்டாம் என்றுவிட்டானாம்.

தான் விலகியாக வேண்டும், இன்னொருவர்தான் கோடு போடுவார் என்பதை அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

“யாரு போட்டா என்ன, கை உன்னோடதுதானே” என்றான்.

ஆறாவது கோட்டையும் அழித்தாள். ஸ்கேனை எங்கே எடுத்தார்கள் என்று கேட்டாள். இதே கட்டடத்தில், தரைத்தளத்தில் என்றான். மூன்று தடவை வந்திருக்கிறான்.

அவள் இருப்பது இரண்டாவது மாடி. ஒரு தடவையாவது மேலே ஏறி வந்திருக்கலாமே என்றாள்.



“மத்தியானம் உங்க ஆளுங்க எல்லாரும் கூட்டமா சாப்பிடக் கீழ வருவாங்க. எதிர்லயே பெஞ்சுல உக்காந்திருந்தேன். நீயா என்னைப் பாத்தா பேசலாம்னு நெனச்சேன்க்கா. மூணு நாளும் நீ மட்டும் வரவே இல்ல.”