கேட்டுக்கு வெளியே ஐந்து அப்பாக்கள்

பள்ளிக்குள் நுழையும்போதே அய்யாசாமியின் சட்டைப்பையில் கண்டன மனு தயாராக இருந்தது. முழுசாக இரண்டு பக்கம். முப்பது வருஷம் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதிய கை, சும்மா இருக்குமா?

விஷயம் இதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து, 'நம் ஊர் சுரங்கம்' என்று ஒரு பெரிய சார்ட் செய்கிறார்கள். அவரவர் அப்பாவை அட்டையில் வரைந்து, வெட்டி, அதில் ஒட்ட வேண்டும். அவருடைய பேத்தி தமிழ்நிலாதான் லீடர். நாளைக்குப் பெற்றோர் முன்னால் நின்று சார்ட்டை விளக்கப்போவதும் அவள்தான் என்று இருந்தது. நேற்று மலர்விழி டீச்சர் திடீரென்று அவள் கையிலிருந்த பசை டப்பாவை வாங்கிவிட்டார். விளக்கும் வேலையையும் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

குழந்தை அழுத அழுகையில் முகம் வீங்கிவிட்டது.

என்ன தப்பு செய்தாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. "கேட்டுக்கு வெளிய பந்தல் ஒட்டினேன் தாத்தா. சிவப்புக் கொடியும் வச்சேன். டீச்சர் பிச்சுட்டாங்க" என்றாள்.

பந்தல். கொடி. காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்கச் சொல்லி, சுரங்க கேட்டில் அவர் முன்னின்று போட்ட பந்தல். அவருக்கு இது போதாதா?

சுரங்கத்தில் நிரந்தர வேலையில் இருக்கும் மகன் சிலம்பரசன், பள்ளிக்கூடத்தில் போய்ப் பிரச்சினை பண்ண வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தான். "நீ பர்மனென்ட்டுப்பா. உனக்கு முதுகு நல்லா வளையும்" என்று சொல்லிவிட்டு, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வகுப்பில் டீச்சர் காகிதத் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சுவரில் சார்ட் தொங்கியது. நிலக்கரித்தூள் தூவிய சுரங்கம், பாட்டில் மூடிகளால் ஆன ராட்சத இயந்திரம், ஐஸ் குச்சியில் கேட். உள்ளே இருபதுக்கு மேல் அப்பாக்கள். கேட்டுக்கு வெளியே, பிய்த்தெடுத்த பசைத் தடங்கள் மட்டும் ஐந்து.

"பந்தலைப் பிச்சது நீங்கதானே?"

"நான்தாங்க அய்யா."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலைங்க."

"போராட்டம்னா உங்களுக்கு அவ்வளவு அசிங்கமா?"

டீச்சர் துடைப்பத்தை ஓரமாக வைத்தார். "எங்க அப்பாவும் காண்ட்ராக்ட்தாங்க. நீங்க போட்ட பந்தல்லதான் பதினாலு நாள் உக்காந்திருந்தாரு."

அட, இவர் நம்ம ஆள். பிறகு ஏன் பிய்த்தார்?

டீச்சரே சொன்னார். பந்தலில் இருந்தது காண்ட்ராக்ட் தொழிலாளிகளின் பிள்ளைகள் ஒட்டக் கொடுத்த ஐந்து அப்பாக்கள். அதில் ஜெபினின் அப்பா ஆரோக்கியதாஸும் உண்டு. எல்லா அப்பாவும் உள்ளே வேலை செய்ய, தன் அப்பா மட்டும் வெளியே கிடக்கிறாரே என்று ஜெபின் அழுதுவிட்டானாம். ஐந்து பேரையும் எடுத்து உள்ளே ஒட்டியிருந்தார் டீச்சர்.

ஆரோக்கியதாஸ் வேறு யாருமில்லை. ஊர்வலத்தில் பேனரின் ஒரு முனையை அய்யாசாமி பிடித்தால் மறுமுனையைப் பிடிப்பவர். அய்யாசாமியை 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார்.

"பந்தல் வெளியிலதானம்மா இருக்கு? இருக்கறதைத்தானே பாப்பா ஒட்டியிருக்கா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேங்க. சரி, போராட்டம் ஜெயிச்சிடுச்சுன்னு வச்சுக்குவோம், எல்லாரையும் உள்ள எடுத்து ஒட்டலாமான்னு கேட்டேன். கூடவே கூடாதுன்னுட்டா. ஏன்னு நீங்களே கேளுங்க."

அய்யாசாமி குழப்பத்தோடு பேத்தியின் முன்னால் குனிந்தார். "ஏண்டா கண்ணு கூடாதுன்ன?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் தமிழ்நிலா அவரைப் பார்த்தாள். "நீங்கதானே தாத்தா சாப்பிடறப்ப அப்பாகிட்ட சொன்னீங்க? 'நாம பாட்டுக்குக் கோஷம் போட்டுக்கினு இருப்போம். நெசமாவே அவனுங்க உள்ள வந்துட்டா, உன் புரமோஷன் போயிடும்'னு."

அய்யாசாமியின் கை சட்டைப்பையில் இருந்த மனுவைத் தொட்டது, வெளியே எடுக்கவில்லை.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்கு ஆரோக்கியதாஸும் வராருங்க அய்யா. அவர் முன்னால பாப்பா இதை விளக்கிச் சொல்லிடக்கூடாதேன்னுதாங்க ஆளை மாத்தினேன்."