ரோஹிணிக்கு எந்த வார்டு?

"அந்தக் காகிதத்த எத்தினி வாட்டி மடிச்சி மடிச்சிப் பிரிப்ப? கிழிஞ்சிடப் போவுது பாப்பா" என்றார் எத்திராஜ்.

ரோஹிணி சட்டென்று படிவத்தைச் சட்டைப் பைக்குள் திணித்தாள். திருப்பதியில் ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சி நர்ஸாகச் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம் முடிகிறது. படிவத்தில் நான்கு கட்டங்கள்: குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ. மாலை நான்கு மணிக்குள் ஒன்றில் டிக் அடித்துக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் இரண்டு வருடத்துக்கு அந்த இடம்தான். கூடப் படித்த ஹரிதா இரண்டே நிமிடத்தில் டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். இவளுக்குத்தான் மண்டை காய்ந்தது.

"எதுல போடுறதுன்னே தெரியல பெரிப்பா. எங்க போனாலும் என் குரலுதான் தகராறு."

பொய்யில்லை. குழந்தைகள் வார்டில் ஒரு பிள்ளையைத் தூங்க வைக்கப் போய் ஒன்பது பிள்ளைகளை எழுப்பிவிட்டாள். பிரசவ வார்டில் வலியில் அலறிக்கொண்டிருந்த பெண், அலறலை நிறுத்திவிட்டு, "நீ கத்தாதம்மா, பயமா இருக்குது" என்றாள். தியேட்டரில் டாக்டர் கையால் கதவைக் காட்டினார், அவ்வளவுதான்.

ஐ.சி.யூ.வைக் கேட்கவே வேண்டாம். தலைமை நர்ஸ் ரத்னம்மா முதல் நாளே தன் தெலுங்குத் தமிழில், "இக்கட மெஷின் சத்தம் மட்டும்தான் கேக்கணும்" என்று சொல்லி, மருந்து வாங்கி வரும் வேலைக்கு அவளைத் தள்ளிவிட்டார். இன்று ஒரு நர்ஸ் லீவு போட்டதால்தான் எத்திராஜின் கட்டில் முதல்முறையாக இவள் பொறுப்புக்கு வந்தது.

எத்திராஜ் புத்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர். கிணற்று மேட்டிலிருந்து விழுந்து விலா எலும்பு நொறுங்கி, இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு ஒன்பது நாளாகப் படுத்திருக்கிறார்.

"எந்த ஊரு நீ?"

"நகரி."

"அதான பாத்தேன். நகரிக்காரங்க வூட்டுக்குள்ள பேசுனா தெருக்கோடி வரைக்கும் கேக்குமே!"

ரோஹிணிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்தில் அவள் குரலைத் திட்டாமல் கேலி செய்த ஒரே மனிதர் இவர்தான். சிரித்த கையோடு கண்ணும் கலங்கிவிட்டது.

"எங்க நைனா ஊருக்கே வந்துடுன்றாரு. எனக்கும் அதான் சரின்னு தோணுது பெரிப்பா. நாலு எடத்துல ஒரு எடத்துக்குக்கூட நான் லாயக்கில்ல."

"அழுவுறத அப்புறம் வெச்சிக்கோ. எம் புள்ள வேணு எங்க?"

"காலையில வந்தாரே. இத்தினி நாளா ஆஸ்பத்திரி வாசல்லயே கெடந்துட்டேன், இன்னிக்கு தோப்புக்குத் தண்ணி வுடணும்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான போனாரு?"

"அதுதான் பயம். மூணு மணிக்குக் கரண்டு வரும். மோட்டார் சுவிட்சுல ஷாக்கு அடிக்குது பாப்பா. நான் ஒண்ணும் வழுக்கி வுழல, அதுதான் என்னத் தூக்கிப் போட்டுது. அவன் கைய வெச்சிடப் போறான்!"

ரோஹிணி பதறிப்போனாள். "இத முன்னாடியே யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"ஒம்போது நாளா சொல்லிக்கினேதான் இருக்கேன். ஒருத்தர் காதுலயும் ஏறல. வலின்னு நெனச்சி ஊசி போட்டுத் தூங்க வெச்சிடுறாங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நர்ஸ், இத்தனை டாக்டர், ஒருவர்கூடவா கேட்கவில்லை? மணி இரண்டு ஐம்பது. கேஸ் ஷீட்டில் வேணுவின் நம்பரைத் தேடி எடுத்து, மேஜைக்கு ஓடி, போனைப் போட்டாள்.

"வேணு அண்ணனா? மோட்டார் சுவிட்சத் தொடாதீங்க! ஷாக்கு அடிக்குது! தொடாதீங்க!"

ஐ.சி.யூ. மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மறுமுனையில் வேணு, "கெணத்து மேட்டு மோட்டார் ரூம் கதவத்தான் தொறந்துக்கினு இருக்கேன்" என்று திணறினான். கிட்டப் போவதில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் அவள் போனை வைத்தாள்.

திரும்பினால் ரத்னம்மா நின்றிருந்தார்.

"ஏமிதி கூச்சல்? சுவிட்ச் விஷயம் உனக்கு யாரு சொன்னது?"

"எத்திராஜ் பெரிப்பாதான் மேடம். ஒம்போது நாளா சொல்றாராம். நீங்க யாருமே கேக்கலியாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்னம்மா கட்டிலை ஒரு முறை பார்த்தார், அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த ஃபாரத்தக் குடு."

போச்சு, இன்றே ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே ரோஹிணி அதை எடுத்து நீட்டினாள். படிவத்தை வாங்கிய ரத்னம்மா, தன் பேனாவை எடுத்து ஐ.சி.யூ. கட்டத்தில் டிக் அடித்தார்.

"மேடம், என் குரலு..."

"குரல விடு. அத நான் கொறைக்கிறேன். கழுத்துல ஓட்டை போட்டு, குழாயில மூச்சு விட்டுக்கினு, ஒம்போது நாளா தொண்டையிலருந்து ஒரு சத்தமும் வராம கெடக்குற மனுசன் பேசுனது உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?"

ரோஹிணி முன்னைவிடக் குழம்பிப்போய் அவரைப் பார்த்தாள். "சத்தம் எதுக்கு மேடம்? இருபது தறி தடதடன்னு ஓடுற எங்க ஷெட்டுல, எங்கம்மா பேசுறத நான் பொறந்ததுலருந்து வாயப் பாத்துதான கேக்குறேன்?"