கதிரடிக்க இரண்டு பேர்

"எதிரெதிரே நிற்க இரண்டு பேர் வேண்டும்" என்றாள் பண்ணைக்காரி.

அவள் கையில் இரண்டு கோல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நீளத் தடி. அதன் நுனியில் தோல்வாரால் தொங்கவிட்ட ஒரு குட்டைத் தடி. இயந்திரம் வராத காலத்தில் இப்படித்தான் இந்தக் களஞ்சியத்தில் கோதுமை அடித்தார்களாம்.

லண்டன் செவன் கிங்ஸிலிருந்து கோச் பேருந்தில் வந்த தமிழ் மூத்தோர் சங்கத்துக்கு அன்று இது மூன்றாவது களஞ்சியம். லண்டனின் வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடம். முதல் களஞ்சியத்தில் எல்லோரும் கருத்த உத்திரங்களை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். இரண்டாவதில் பாதிப் பேர். மூன்றாவதில் பலருக்கும் தேநீர் எங்கே கிடைக்கும் என்பதுதான் யோசனை.

யாரும் முன்வரவில்லை. பண்ணைக்காரி தானே ஆட்களைத் தெரிந்தெடுத்தாள். கம்பளித் தொப்பி போட்ட அருட்பிரகாசத்தின் கையில் ஒரு கோல். நீலச் சால்வை போர்த்திய குமுதினியின் கையில் மற்றது.

பேச்சு நின்றது.

"ஐயோ, இவை ரெண்டு பேரையும் போயா" என்றாள் ஒருத்தி, வாய்க்குள்.

பண்ணைக்காரிக்கு ஒன்றும் தெரியாது. கோச்சில் வந்த அநேகமாக எல்லோருக்கும் தெரியும். இந்த இருவரும் கடைசியாக ஒரே கூரையின் கீழ் இருந்தது நீதிமன்றத்தில், மூன்று வருடங்களுக்கு முன். அன்றும் எதிரெதிர்ப் பக்கம்தான்.

அதற்கு முன் அடுத்தடுத்த தெருக்காரர். பனி கொட்டினால் ஒருவர் வாசலை மற்றவர் வழித்துவிடுகிற அளவுக்கு நெருக்கம். குமுதினி அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள்.

காலையில் அவர் கோச்சில் ஏறுவதைக் கண்டதும் இறங்கிவிட எழுந்தாள். அதற்குள் கதவு மூடிவிட்டது. பிறகு அவர் ஒரு வாசலால் உள்ளே வந்தால் அவள் மறு வாசலால் வெளியே போனாள். வண்டி ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போவதற்கென்று களஞ்சியங்களுக்கு இரண்டு பெரிய வாசல்கள் வைத்திருந்தது அவளுக்கு நல்லதாய்ப் போயிற்று.

இப்போது போக வழியில்லை.

பயணத்தை ஒழுங்குசெய்த அஜந்தா ஓடிவந்தாள். சங்கத்துக்குப் புதியவள். இப்போதுதான் யாரோ காதில் சொல்லியிருக்க வேண்டும். "அன்ரி, இஞ்ச தாங்கோ, நான் அடிக்கிறன்."

குமுதினி கொடுக்கத்தான் இருந்தாள். ஆனால் அருட்பிரகாசம் தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, மரத்தளத்தில் போய் நின்றுவிட்டார். அவர் போய் நின்றபிறகு, இத்தனை பேர் முன்னால் அவருக்கு முதுகைக் காட்ட அவளால் முடியவில்லை.

எதிரே போய் நின்றாள். நடுவில் கதிர்க்கட்டு ஒன்று விரிந்து கிடந்தது.

"ஒருவருடைய தடி கீழே விழும்போது மற்றவருடையது மேலே இருக்க வேண்டும். தாளம் தப்பினால் மண்டை உடையும்!" என்று சொல்லிப் பண்ணைக்காரி சிரித்தாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவர் முதலில் அடித்தார். தூசி எழுந்தது. குமுதினி ஓங்கினாள், குட்டைத் தடி சுற்றிவந்து அவள் தோளிலேயே விழுந்தது. அவர் பொறுத்திருந்தார். மறுபடி ஓங்கினாள். இந்தத் தடவை கதிரில் விழுந்தது.

அவர். அவள். அவர். அவள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சீர் பிடிபட்டது. கோதுமை மணிகள் தெறித்துப் பலகையில் ஓடின. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காற்சட்டை தொளதொளத்துத் தொங்கியதிலிருந்தே ஆள் எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று தெரிந்தது.

அடிப்பதற்கு அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. குனியும்போதெல்லாம் அவருடைய தடி மேலே காற்றைக் கிழித்துச் சுழலும் ஓசை கேட்டது.

ஒருமுறை குனிந்தவள் நிமிரவில்லை.

ஏனென்று அவளுக்கே தெரியாது. கோல் கதிரின்மேல் கிடந்தது. கை அதைத் தூக்க மறுத்தது. சால்வை நழுவிக் கழுத்து வெறுமையாக இருந்தது. விழுகிறதென்றால் விழட்டும் என்று அந்த ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள்.

"நிமிருங்கள்!" என்று பண்ணைக்காரி ஆங்கிலத்தில் கத்தினாள். அஜந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தடி விழவில்லை.

அருட்பிரகாசம் அதை மெதுவாக இறக்கித் தளத்தில் ஊன்றினார். மூச்சு வாங்கியது.

"துஷாந்தன் எப்ப வெளியில வாறான்?"

மூன்று வருடங்களாக அவளுடைய மகனின் பெயரை வெளியார் யாரும் அவள் முன்னால் சொன்னதில்லை. கூட்டாளி ரோஹித்தைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, குடித்த வெறியில் காரை மரத்தில் மோதி, அவனைச் சாகக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் பிழைத்துச் சிறைக்குப் போனவனின் பெயர் அது.

சொன்னவர் ரோஹித்தின் தகப்பன்.

"வாற தையில, அண்ணை" என்றாள், தலையைத் தூக்காமலே.

"அவனைப் பார்க்க எனக்கு ஏலாது." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார். "நீங்கள் வீட்டை வாங்கோ. ரோஹித்தின்ர அம்மா உங்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறவ."

பண்ணைக்காரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாதிக் கட்டு இன்னும் அடிபடாமல் கிடக்கிறதே என்று கையைக் காட்டினாள்.

குமுதினி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இருவரும் கோலைத் தூக்கினார்கள்.

யார் முதலில் அடிப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை.