மதிலுக்கு வெளியே

சேமக்காலை எனும் கல்லறைத் தோட்டத்தின் மதிலை வெளிப்புறமாக ஒட்டியிருந்த இறையியல் இதழின் அலுவலகம். அதைக் கூட்டும் எமில்டா, புதிய இதழை விரித்து ஆசிரியரான பாதிரியாரிடம் நீட்டினாள்.

“ஞானஸ்நானம் பெறாத குழந்தையும் ஆண்டவரிட்டப் போகும் எண்டு நம்பலாமாம். மெய்யா ஃபாதர்?”

“ஓம். நான் எழுதினதுதான்.”

“என்ட புள்ள பொறந்த உடனே போயிற்றான். தண்ணி ஊத்தல்ல எண்டு சேமக்காலைக்குள்ள வைக்க விடல்ல. மதிலுக்கு வெளியதான் தாட்டம். கெதியா உள்ளுக்குக் கொண்டு போங்க, ஃபாதர்!”

ஃபாதரின் கண்கள் கலங்கின. “நாளைக்கே கொண்டு போவம். இடம் ஞாபகம் இருக்கா?”

“தினமும் அந்த இடத்தத்தானே கூட்டுறன்.”

எமில்டா குனிந்து, அவருடைய எழுத்து மேசைக்குக் கீழே சிமெந்துத் தரையைத் தடவினாள்.