தோழர் கொண்டுவந்த தீர்மானம்

“ஒரு பொம்பளை தன் பிடிவாதத்துக்காக நானூறு பேரோட சனிக்கிழமையைக் கெடுக்கப் பார்க்கிறா. இதுக்குப் பேர் தைரியமா?”

கேட்டவர் தொழிற்சங்கச் செயலாளர். எல்லாருக்கும் அவர் தோழர். கூடம் கைதட்டியது.

தீர்மானத்துக்கு எதிராகத்தான் ஓட்டுப் போடுவேன் என்று எழுந்து சொன்னவளுக்கு ஆமாங்கக்கா என்று பெயர். பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் பிரிவு. யார் எது சொன்னாலும் ‘ஆமாங்க’ என்பாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனம் கொடுத்த பழக்கம். சட்டைப் பையில் எதைப் பார்த்தாலும், தெருமுனையில் யாரைப் பார்த்தாலும், “நீ சரியாப் பார்க்கல” என்பார் வீட்டுக்காரர். இவளும் ஆமாங்க என்பாள். கடைசியில், இவள் சரியாகப் பார்க்காத அந்தப் பெண்ணோடுதான் அவர் குடிபோனார்.

அதன் பிறகு தனி அறை எடுத்தாள். வேலைக்கு வந்தாள். சங்கத்தில் சேர்ந்தாள். தோழரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முதல் வரிசை இவளுடையது. கண்ணால் கண்டதைச் சொல்ல எவன் அனுமதியும் தேவையில்லை என்று அவர் மேசையைத் தட்டிச் சொல்லும்போது, நோட்டில் எழுதிக்கொள்வாள்.

தகராறு ஒரு ஸ்க்ரூவால் வந்தது.

பிஸ்கட் நகர்ந்து வரும் பெல்ட்டில் இவளுக்கு அடுத்து நிற்பவள் குருவி. பேருக்கேற்ற உடம்பு, இரண்டு பிள்ளைகள். போன மாதம் பிஸ்கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்க்ரூ வருவதைப் பார்த்து, சிவப்பு பட்டனை அமுக்கி பெல்ட்டை நிறுத்திவிட்டாள். அடுப்பிலிருந்த அத்தனையும் கருகியது. மேலாளர் வந்து பார்த்தபோது ஸ்க்ரூ இல்லை. பக்கத்தில் நின்ற ஆமாங்கக்காவைக் கேட்டார். பழகிய நாக்கு, “நான் சரியாப் பார்க்கலைங்க” என்று சொல்லிவிட்டது.

குருவியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்; அதனால் சங்கத்திலும் அவளுக்கு ஓட்டு இல்லை. அவள் இவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இவள் தூங்கியிருப்பாள்.

நிர்வாகத்துக்கு எந்த மீனுக்கு எந்தப் புழு என்று தெரியும். குருவி செய்தது தப்பு என்று சங்கம் கையெழுத்துப் போட்டால், எல்லாருக்கும் சனிக்கிழமை அரைநாள் லீவு என்றது. சங்கத்தின் செயற்குழு ஒத்துக்கொண்டது. தோழர் தீர்மானத்தை முன்மொழிந்தார்.

இடையில் ஒரு விதி நின்றது. உறுப்பினர் ஒருவரை விட்டுக்கொடுக்கும் தீர்மானம் என்றால், ஒரே ஒரு ஓட்டுத் தாள் எதிராக விழுந்தாலும் செல்லாது. தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில் தோழரே எழுதிய விதி.

“ஸ்க்ரூவை நான் பார்த்தேன்,” என்றாள் ஆமாங்கக்கா. “சூப்பர்வைசர் அதை எடுத்துப் பையில போட்டதையும் பார்த்தேன். அன்னைக்கு நான் சொன்னதுதான் பொய்.”

“ஒரு மாசமா தூங்கிட்டு இருந்தீங்களோ?”

“இருபத்திரண்டு வருஷமா தூங்கினேன் தோழர். அதோட ஒரு மாசம் சேர்ந்துபோச்சு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தோழரின் காது சிவந்தது. மரியாதை இறங்கியது.

“உனக்கு என்ன தெரியும்? நீ சரியாப் பார்த்திருக்க மாட்டே. உட்காரு.”

அதே பேச்சு. வாய்தான் வேறு. ஆமாங்கக்கா தன் கைகளைக் குனிந்து பார்த்தாள். இந்த இடத்தில் அவை எப்போதும் நடுங்கும். இன்று சும்மா இருந்தன. அவளுக்கே ஆச்சரியம்.

“பார்த்தேன்,” என்றாள். உட்காரவில்லை.

வரிசையில் போய்த் தாளை மடித்து டப்பாவில் போட்டார்கள். முன்னால் நின்றவள் திரும்பி, என் பிள்ளைகூட ஒரு சனிக்கிழமையாவது இருக்க விடு அக்கா என்று கெஞ்சினாள். ஆமாங்கக்கா அவள் தோளைத் தொட்டாள். ஆனாலும் நினைத்ததைத்தான் போட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள். எதிராக இரண்டு. தீர்மானம் விழுந்தது.

ஒன்று யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது துரோகி யார் என்றுதான் வாசல்வரை ஆராய்ச்சி நடந்தது. சேர்ந்து பஸ் ஏறுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் நின்று, “நல்லா இரு தாயே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூடம் காலியானது. தோழர் மேசையில் தாள்களைக் கொட்டி ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். ஆமாங்கக்கா நாற்காலிகளை அடுக்கினாள். கூடப் போக ஆளில்லாதவளுக்கு அவசரமும் இல்லை. ஆனால் மனசு லேசாக இருந்தது; குருவி வீட்டுக்கு இன்று தலைநிமிர்ந்து போகலாம்.

“நாளைக்குப் பிரிவு பிரிவாப் போய் அந்த இன்னொரு ஆளைக் கண்டுபிடிக்கப் போறேன் தோழர்,” என்றாள். “ரெண்டு பேரா மேலாளர் முன்னால நின்னா குருவிக்குப் பலம். என்னை அத்தனை பேரும் கிழிச்சப்போ வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்த பயந்தாங்கொள்ளிதான். பரவாயில்லை, பேசிப் பேசிச் சரிபண்ணிடலாம். நானே சரியாகலையா?”

தோழரின் கை நின்றது.

“தேட வேண்டாம். அது நான்தான்,” என்றார்.

பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: “வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”