மேசைக்கு ஒரு விளக்கு

"கரண்டுக்கு அழுறவங்க எதுக்குத் தையல் கம்பெனி நடத்தணும்? ஆளுக்கொரு மெழுகுவத்தியைக் குடுத்துட வேண்டியதுதானே!"

பொத்தான் தைக்கிறவள் சொன்னதும் கூடமே சிரித்தது.

ஏணிமேல் நின்ற எலக்ட்ரீஷியன், கூரையில் இருந்த டியூப் லைட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு முதலாளியம்மா. காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

"பேசுங்க, பேசுங்க. வாய்க்குக் கரண்ட் செலவில்லை" என்றார்.

மறுபடியும் சிரிப்பு. சிரிக்காதவள் காலர் அக்கா ஒருத்திதான்.

காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் வந்த பேர். ஆனால் போன வாரம் கறுப்புச் சட்டைகளுக்குக் கருநீல நூலைப் போட்டுத் தைத்து வைத்துவிட்டாள். ஒரு கட்டு முழுக்கப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

"அக்கா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால மறைக்க முடியாது. மிஷினை வேற ஆளுக்குக் குடுத்துட்டு, உங்களைப் பிசிறு வெட்ட உட்கார வச்சிடுவாங்க" என்று செக்கிங் பார்க்கிறவள் காதோடு சொல்லியிருந்தாள்.

மிஷினை விட்டு எழுந்துவிட்டால் அப்புறம் அவள் என்ன காலர் அக்கா?

புதுக் கண்ணாடி போட்டும் பார்த்துவிட்டாள். மற்ற நிறமெல்லாம் சரி, கறுப்புத் துணி மட்டும் பிடி கொடுக்கவில்லை. இப்போது இருந்த வெளிச்சமும் போகிறது.

'கடவுளே, நீதான் பார்த்துக்கணும்' என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

டியூப்களைக் கழற்றி முடித்து இறங்கிய எலக்ட்ரீஷியன், கொஞ்ச நேரத்தில் அவள் மிஷினில் எதையோ திருகிக்கொண்டிருந்தார். விரல் தடிமனில் ஒரு எல்.இ.டி. விளக்கு. இழுத்த பக்கமெல்லாம் வளைகிற கழுத்து. அடுத்தடுத்து எல்லா மேசைக்கும் அதே மாதிரி ஒன்று. கூரையில் நடைபாதைக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

"இதென்ன, பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்கு!"

"எங்கே, வாயைத் திற, பார்க்கலாம்!"

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றார் முதலாளியம்மா. "மேல எரியுற லைட்டு உங்க தலையில பட்டு, உங்க நிழலையே துணிமேல போடுது. அதுக்கு நான் பணம் கட்டுறேன். இது நேரா ஊசிமுனையில விழும். கரண்டும் பாதிகூட ஆகாது. உட்கார்ந்தா போடுங்க, எழுந்தா அணைங்க. அவ்வளவுதான்."

"கஞ்சத்துலயும் கணக்கான கஞ்சம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

காலர் அக்கா சுவிட்சைத் தட்டினாள்.

கறுப்புத் துணியில் நெசவு இழை இழையாகத் தெரிந்தது. கறுப்பு நூல்கண்டையும் கருநீலத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இது வேறு, அது வேறு. பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

பெடலை மிதித்தாள். மிஷின் பறந்தது.

சாயங்காலம் அவள் கட்டைப் புரட்டிப் பார்த்த செக்கிங்காரி நிமிர்ந்தாள்.

"அக்கா! அச்சடிச்ச மாதிரி இருக்கு!"

"பின்னே? என் கைக்கு என்னடி குறை? எல்லாம் அந்தப் பாழாப்போன டியூப் லைட்டு பண்ணின வேலை!" கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள் காலர் அக்கா.

"எனக்கும் இன்னிக்குக் கண்ணு எரியலைக்கா" என்று ஒத்துக்கொண்டாள் பொத்தான் தைக்கிறவள். "ஆனா நம்ம மேல இருக்குற அக்கறையிலயா செஞ்சாங்க? பில்லைப் பார்த்து வயிறு எரிஞ்சிருக்கும், செஞ்சாங்க."

பேசிக்கொண்டே எல்லாரும் படியிறங்கினார்கள். காலர் அக்காவின் குரல்தான் தெருமுனை வரைக்கும் கேட்டது.

எலக்ட்ரீஷியன் ஏணியை மடக்கினார்.

"அம்மா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. மேல எல்.இ.டி. டியூப் மாத்தினாலே கரண்ட் குறைஞ்சிருக்கும். நான் அதைத்தானே சொன்னேன்? நீங்கதான் காலர் தைக்கிற மேசைக்கு அது பத்தாது, கிட்டத்துல ஒரு விளக்கு வேணும்னீங்க. சரி, அந்த ஒரு மேசைக்கு வச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே. இத்தனை விளக்கு வாங்கி, கஞ்சம்னு பேரும் வாங்கிக்கிட்டீங்களே!"

"பேர்தானே, வந்தா வந்துட்டுப் போகுது" என்றார் முதலாளியம்மா. "ஒரு மேசையில மட்டும் விளக்கு வச்சா, அந்த மேசைக்கு வயசாயிடுச்சுன்னு நாளைக்கே எல்லாரும் பேசுவாங்க தம்பி."