புன்னையடி

பிறப்புப் பதிவு அலுவலகத்தில், குழந்தையின் குடும்பப் பெயர் என்னவென்று அந்தப் பெண் பதிவாளர் மறுபடியும் கேட்டார்.

அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை உறங்கியது. பக்கத்தில் அவளுடைய கணவன் தவநேசன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தான்.

வீட்டிலேயே முடிவு செய்திருந்தார்கள். தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர். லண்டனில் அவர்களுக்குத் தெரிந்த சனம் எல்லாம் அப்படித்தான் வைக்கிறது.

நிலானி தவநேசன்.

ஆனால் கணினி திறக்கக் காத்திருந்தபோது, சும்மா பேச்சுக்கு, பதிவாளரின் சட்டையில் குத்தியிருந்த பெயரை அவள் விசாரித்துவிட்டாள்.

ஆஷ்பி.

அது ஓர் ஊரின் பெயராம். ஆஷ் என்பது மரம். பி என்றால் பழைய மொழியில் குடியிருப்பு.

அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

இல்லையாம். அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டாம். தங்களுடையது எதுவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம். ஊருக்குள் இருப்பவனை ஊர்ப் பெயரால் யார் கூப்பிடப் போகிறார்கள்? யாரோ ஒருவன் புறப்பட்டுப் போய் வேறோர் இடத்தில் நின்றிருக்கிறான். அங்கேதான் அவனுக்கு இந்தப் பெயர் விழுந்திருக்கும்.

பதிவாளர் இதைச் சிரித்தபடி சொன்னார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளும் தவநேசனும் விட்டு வந்த ஊர் இப்போது இராணுவத்தின் முள்கம்பிக்குள் இருந்தது. வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்று கேள்வி. ஷெல் விழுந்த அன்று, நடக்கமாட்டாத தகப்பனை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தவன் தவநேசன். அதற்குப் பிறகு அந்த ஊரின் பெயரை அவன் சொல்லி அவள் கேட்டதில்லை.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, ஊர்ப் பேரை வைப்பமே?"

அவன் முகம் இறுகியது.

"அங்க இப்ப என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை. அதாலதான் கேக்கிறன்."

தவநேசன் குழந்தையைப் பார்த்தான்.

பதிவாளர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

பிறகு அவன் முன்னால் சாய்ந்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். பதிவாளர் தட்டி முடித்து, வாசித்துக் காட்டினார்.

பிழை.

அவன் சொல்லிக் கொடுத்தான். திரும்பவும் பிழையாகவே வந்தது.

எழுத்துச் சரியாக இருந்தால் போதும், விடுங்கள் என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

"இல்லை. அவ சரியாச் சொல்லட்டும்."

பதிவாளர் கண்ணை மூடி, ஒவ்வோர் அசையாக, மெல்லச் சொன்னார்.

புன்னையடி.

தவநேசன் ஓம் என்று தலையாட்டினான். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

கையெழுத்துக்காகப் பேனா அவன் பக்கம் நீண்டது.

அவள்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.